துண்டுக்குள் எட்டு

மார்கழிக் குளிரை மலிவாக வாங்கிப் போட்டுச் சித்திரையில் விற்கலாம் என்கிற யோசனை ஒரு விஞ்ஞானிக்குத் தோன்றியதாகக் கம்பெனிக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். கல்லம்பாளையத்தில் யாரும் அதை நம்பவில்லை. வெங்காயத்தை அப்படித்தான் வாங்கிப் போடுகிறார்கள். மஞ்சளை அப்படித்தான் மூட்டை கட்டி அடுக்குகிறார்கள். குளிர் மட்டும் என்ன, வானத்திலிருந்து குதித்ததா? வானத்திலிருந்துதான் குதித்தது என்பது வேறு விஷயம்.

அந்த ஊருக்குக் கீழே தோண்டிய மட்டும் ஒரே பாறை. தண்ணீர் தேடிப் போட்ட ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீர் வந்ததைவிடப் புழுதி வந்ததுதான் அதிகம். ஊர் முழுக்க வறண்ட ஓட்டைகள், பல் விழுந்த வாய் மாதிரி. தண்ணிழல் நிறுவனம் வந்து அந்த ஓட்டைகளை விலைக்குக் கேட்டபோது, எதற்கு என்றுகூடக் கேட்காமல் ஜனங்கள் கையெழுத்துப் போட்டார்கள். கேட்டிருந்தால் இன்னும் இரண்டு மடங்கு வாங்கியிருக்கலாம். அந்த வருத்தம் ஊருக்கு இன்றைக்கும் உண்டு.

நிறுவனம் ஓட்டைகளுக்குள் குழாயை இறக்கியது. மார்கழி, தை மாதத்துக் குளிரைத் தண்ணீர் வழியாக மேற்குப் பக்கத்துப் பாறையில் ஏற்றி வைத்தது. வெயில் காலத்தில் அந்தக் குளிரை மேலே எடுத்து ஜவுளி மாளிகை, ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் என்று கட்டடங்களின் சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் ஓடவிட்டது. மின்சாரம் முன்பு தின்றதில் கால்வாசிகூடத் தின்னவில்லை. சித்திரையில் சேலை எடுக்கப் போகிறவர்கள் சால்வை போர்த்திக்கொண்டு போனார்கள்.

ஆனால் குளிரைக் கொடுப்பது என்றால் சூட்டை வாங்கிக்கொள்வது என்று அர்த்தம். ஒரே கடையின் முன்வாசலும் பின்வாசலும் மாதிரி. பின்வாசல் ஊருக்குக் கிழக்கே, சாயக்காரர் வளவு என்கிற குடியிருப்புக்கு அடியில் இருந்தது. கட்டடங்களிலிருந்து இறக்கிய சூட்டை அங்கே பாறைக்குள் சேர்த்து வைத்தார்கள். பக்கத்திலேயே சாயப்பட்டறைகள். அங்கே ஒரு தொட்டியைக் கொதிக்க வைக்கிற சூட்டுக்கு ஒரு பொதி என்று பெயர். மேற்கே இறங்கிய சூடு கிழக்கே ஏறிச் சாயம் காய்ச்சியது. ஒரு கரண்டி எண்ணெய்கூடச் சிந்தாத சமையல். வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகு பச்சைத் தண்ணீரிலேயே ஒட்டுகிற சாயம் சந்தைக்கு வந்தது. பட்டறைகளுக்குச் சூடு வேண்டாமல் போயிற்று. மேற்கே குளிர் வேண்டாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. கிழக்குப் பாறைக்குள் சூடு வந்துகொண்டே இருந்தது. வெளியே போகிற வழியை மறந்துவிட்டது.

மயிலாத்தா அந்த வளவில் இட்லி மாவு அரைத்து விற்பவள். சூடு முதலில் அவள் பிழைப்பில்தான் கை வைத்தது. விடியும்போது பொங்க வேண்டிய மாவு, ஆட்டுக்கல் கழுவி முடிப்பதற்குள் குண்டாவைத் தாண்டித் தரையில் இறங்கி நடந்தது. முதல் வருஷம் வேலை சீக்கிரம் முடிகிறது என்று சந்தோஷப்பட்டாள். அடுத்த வருஷம் ஓட்டல்காரர்கள் புளிப்புத் தாங்காமல் திருப்பி அனுப்பினார்கள். வளவு நாய்கள் தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் இடம் பிடித்துப் படுத்தன. பூனைகள் ஊரைவிட்டே போய்விட்டன. கம்பெனி மேலாளர் கௌஷிக் ஒருமுறை, குழாயைத் திறந்தால் வெந்நீர் வருவது எவ்வளவு வசதி என்று வேடிக்கையாகச் சொன்னார். வளவுப் பெண்கள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவருக்கும் வேர்த்தது.

இத்தனையையும் மயிலாத்தா பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது பொள்ளாச்சியிலிருந்து வந்தது. அவள் மகளுக்குத் தென்றல் என்று பெயர். பெயர் வைத்தபோது வளவு குளிர்ச்சியாகத்தான் இருந்தது. தென்றலுக்கு வைகாசியில் தலைப்பிரசவம்; தாய் வீட்டுக்குத்தான் வர வேண்டும். சம்பந்தி அம்மாள் போனில் மரியாதை குறையாமல்தான் பேசினாள்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. அடுப்பு மேல கொண்டாந்து புள்ளையப் படுக்க வெக்கச் சொல்றீங்களா? இங்கயே பாத்துக்கறோமுங்க."

அடுப்பு என்ற சொல்தான் மயிலாத்தாவுக்கு உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது.

வளவுக்கும் குளிர்க் குழாய் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று அவள் போய்க் கேட்காமல் இல்லை. கம்பெனியில் விலை சொல்வது மனிதர்கள் அல்ல; விலைப்பெட்டி என்று ஒரு யந்திரம். வீட்டுக்கு வீடு சுவரில் அதன் காது ஒன்று உண்டு. வீட்டில் பேசுவதையும் கேட்டு வைத்துக்கொண்டு, யாருக்கு எவ்வளவு புழுங்குகிறது என்று அளந்து, தவிப்புக்கு ஏற்ற மாதிரி விலை சொல்லும். தரை சுடுகிற வளவு, குளிருக்காக ஊரிலேயே அதிகம் தவித்தது. ஆகவே குளிரின் விலை ஊரிலேயே வளவுக்குத்தான் அதிகம். இது நியாயமா என்று கௌஷிக்கைக் கேட்டபோது, தேவை அதிகமாக இருந்தால் விலை அதிகமாகும், இது பொருளாதாரம் என்றார். மாட்டுச் சந்தையில் இதற்கு வேறு பெயர் உண்டு. மயிலாத்தா சொல்லவில்லை.

மாட்டுச் சந்தை அவளுக்குப் பாடம் அல்ல, பிறந்த வீடு. அவள் அப்பா மாட்டுத் தரகர். துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்து வளர்ந்தவள். பிடித்த விரலின் எண்ணிக்கைதான் விலை. அது நூறா ஆயிரமா என்று இரண்டு பேருக்கும் தெரியும், சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. கல்லம்பாளையம் வியாபாரிகள் சங்கத்தில் மஞ்சளும் ஜவுளியும் குளிரும் இன்னும் அப்படித்தான் கை மாறின. நிறுவனம் ஊருக்கு வந்த புதிதில், துண்டுப் பேரம் செல்லும் என்று எழுதிக் கொடுக்காவிட்டால் ஒரு ஓட்டையும் கிடையாது என்று சங்கம் பிடிவாதம் பிடித்தது. நிறுவனத்தின் வக்கீல் இதை நாட்டுப்புற அழகு என்று ரசித்து, ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டுப் போனார். பேரத்தில் சந்தேகம் வந்தால் துண்டு விரித்தவர் பக்கம்தான் நட்டம் என்கிற சங்க வழக்கத்தையும் சேர்த்துத்தான் எழுதியிருந்தார். ரசிக்கிற அவசரத்தில் அதை யோசிக்கவில்லை.

வளவின் பாறை வளவுக்காரர்களுக்குப் பொது. அதில் சூடு இறக்க நிறுவனம் அவர்களிடம் சம்மதம் வாங்க வேண்டும். பழைய சம்மதம், வருஷத்துக்கு ஐயாயிரம் பொதி, கார்த்திகையோடு முடிந்தது. மேற்கே பட்டுக் கோபுரம் என்று பத்து மாடி ஜவுளிக் கடை எழும்பிக்கொண்டிருந்ததால் நிறுவனத்துக்கு இன்னும் அதிகமாக இறக்க வேண்டியிருந்தது. அதைப் பேசி முடிக்கச் சங்கத் தரகர் பொங்கியண்ணனை அனுப்பினார்கள். வளவு சார்பில் பேச, வேறு யாருக்கும் துண்டுக்குள் கைவிடத் தெரியாததால், மயிலாத்தாவைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

பொங்கியண்ணன் என்றால் சந்தைக்கே கொஞ்சம் பயம். கிழட்டு மாட்டைக் கன்று என்று விற்றுவிட்டு, வாங்கியவனிடமே டீயும் வாங்கிக் குடிக்கிறவர் என்று பேச்சு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் அன்றைக்குத்தான் கடையில் பிரித்த மாதிரி ஒரு துண்டு. மயிலாத்தா வீட்டுக்கு வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றினார், ஒரு காலை உள்ளே வைத்தார், அப்படியே நின்றார். பாய் போட்டாள். உட்காரவில்லை. நாற்காலி போட்டாள். அதிலும் உட்காரவில்லை. காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, ஊர்ச் சங்கதி எல்லாம் பேசினார். மகளுக்கு எப்போது என்று கேட்டார். அவள் சொன்னாள். பொள்ளாச்சிக்காரர்கள் சொன்னதையும், சொல்ல வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

அவர் சுவரில் இருந்த விலைப்பெட்டியின் காதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

மயிலாத்தா தன் துண்டை எடுத்தாள். விரிக்கப் போனவளை அவர் தடுத்தார்.

"அத அக்கட்ட வெய்யி அம்மணி. மாவு நாத்தம் அடிக்குது. என்ற துண்டு புதுசு."

பெரிய மனிதருக்குத் துண்டுப் பெருமை என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவர் தன் துண்டை உதறி இரண்டு பேர் கைமேலும் விரித்தார். விலைப்பெட்டிக்கும் நன்றாகக் கேட்கிற குரலில், பேரத்துக்கு முன்னால் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தைச் சொன்னார்.

"வருசத்துக்குச் சூடு எடுத்துக்கறது எத்தனைன்னு முடிச்சுக்கலாமுங்களா?"

ஐந்தை எப்படியாவது இரண்டுக்குக் குறைப்பது என்றுதான் மயிலாத்தா வந்திருந்தாள். இரண்டானாலும் தரை சுடத்தான் செய்யும், ஆனால் வேறென்ன செய்வது? அவர் அந்த வாக்கியத்தைச் சொன்னதும் அவளுக்குள் ஏதோ ஒன்று காதைத் தூக்கியது. எடுத்துக்கறது. யார் எடுத்துக்கறது? பாறை எடுத்துக்கொள்வதா, கம்பெனி எடுத்துக்கொள்வதா? மனிதர் சொல்லவில்லை. சொல்லாமலே விளங்கும் என்று விட்டுவிட்டார்.

துண்டுக்குள் அவர் அவளுடைய ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தார். பழைய கணக்கிலிருந்து தொடங்குகிறார். மயிலாத்தா அவர் கையை விலக்கி, அவருடைய ஐந்து விரல்களையும் முழுசாகப் பிடித்து, கையை விட்டாள். பிறகு மூன்று விரலைப் பிடித்தாள். எட்டு.

அவர் கை அசையவில்லை. கேட்டதற்கு மேல் கொடுக்கிற ஆளை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அவள் முகத்தை இட்லிச் சட்டி மூடி மாதிரி வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் கட்டைவிரலால் அவள் உள்ளங்கையை அழுத்தினார். முடிந்தது.

துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எட்டு என்று கேள்விப்பட்டதும் கௌஷிக் பட்டுக் கோபுரக்காரர்களுக்கு இனிப்பு வாங்கி அனுப்பியதாகத் தகவல். வளவில் மயிலாத்தாவைத் தின்றுவிடுகிற மாதிரி பார்த்தார்கள். அவள் மாவு அரைக்கப் போனாள்.

மார்கழி பிறந்ததும் நிறுவனத்து ஆட்கள் வளவுக்கு வந்து, புதிய குழாயின் வால்வைத் திறக்கப் பார்த்தார்கள். மயிலாத்தா ஒரு முக்காலியைக் கொண்டுவந்து வால்வுமேல் போட்டு உட்கார்ந்தாள். கௌஷிக் வந்தார்.

"மேடம், எட்டுக்கு நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க? இப்ப வந்து மறிச்சா எப்படி?"

"ஆரு மறிச்சா? எட்டாயிரம் பொதி எடுத்துக்கறதாத்தானே பேச்சு. எடுத்துட்டுப் போங்க சாமி. ஊத்தறதப் பத்தி நாம பேசவே இல்லீங்களே."

கௌஷிக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. விளங்கியபோது முகம் பட்டறைச் சாயம் மாதிரி நிறம் மாறியது.

மறுநாள் காலை சங்கத்தில் கூட்டம். சங்கத் தலைவர் நாச்சிமுத்து மஞ்சள் மண்டிக்காரர். கோபம் வந்தாலும் குரலை உயர்த்தாதவர். கௌஷிக் ஒரு விலைப்பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அன்று வீட்டில் பேசியது எல்லாம் அதில் இருக்கிறது, போட்டுக் காட்டுகிறேன் என்றார். போட்டுக் காட்டினார். பொங்கியண்ணனின் குரல் கூடம் முழுக்கக் கணீரென்று கேட்டது. வருசத்துக்குச் சூடு எடுத்துக்கறது எத்தனைன்னு முடிச்சுக்கலாமுங்களா?

"சரீங்க," என்றார் நாச்சிமுத்து. "ஆரு எடுத்துக்கறதுன்னு பொட்டியவே கேளுங்க."

கௌஷிக் கேட்டார். பெட்டி பொய் சொல்லத் தெரியாத யந்திரம்.

"வாக்கியத்தில் எழுவாய் இல்லை," என்றது.

பின்வரிசையிலிருந்து ஒருவர், எழுவாய் என்றால் என்ன என்று கேட்டார். ஆள், என்றார் இன்னொருவர். ஆள் இல்லாமலா பேரம் பேசினார்கள் என்று முதலாமவர் கேட்க, கூடம் சிரித்தது. கௌஷிக் மட்டும் சிரிக்கவில்லை. சூட்டை இறக்குவதற்காக ஓடுகிற கம்பெனி, சூட்டை எடுக்கவா ஆள் அனுப்பும், இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியாதா என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நாச்சிமுத்து அதை ஒத்துக்கொண்டார்.

"இருந்தாலும் பாருங்க தம்பி. நீங்க அஞ்சுல ஆரம்பிச்சீங்க, அந்தம்மா எட்டுக் குடுத்தாங்கங்கறீங்க. கேட்டதுக்கு மேல குடுத்த ஆள இந்தச் சந்தையில நான் பார்த்ததே இல்லீங்க. வாங்கறவங்கதான் மேல கேப்பாங்க. அப்படிப் பார்த்தா, எடுக்கச் சொல்லி வாங்கினது அவங்களாட்டத்தான் தெரியுது."

இரண்டு பக்கமும் பொருள் வருகிறது என்று சங்கம் தீர்மானித்தது. அப்படியானால் வழக்கம் இருக்கிறது. துண்டு யாருடையது என்று நாச்சிமுத்து கேட்டார்.

பொங்கியண்ணன் எழுந்து நின்றார். எல்லோர் பார்வையும் அவர் தோளுக்குப் போயிற்று.

"என்றதுதானுங்க," என்றார், பல் பிடுங்கப்பட்டவர் மாதிரி.

அன்று அந்தக் கூடத்தில் அவர் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை வருஷத் தரகில் இப்படி வாயை விட்டு மாட்டிக்கொள்வாரா, வயசாகிவிட்டது, ஒரு மாவுக்காரி ஏமாற்றிவிட்டாள் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மயிலாத்தாவுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் பாவம் பார்க்கிற இடம் அது அல்ல.

"எட்டாயிரம் பொதிய எடுத்து நாங்க எங்க சார் கொட்டுறது? காத்துலயா?" என்று கௌஷிக் கேட்டார்.

பொங்கியண்ணன்தான் மெதுவாக, யாரிடமோ இரவல் வாங்கிய வாயால் பேசுவது போல, தையில் மஞ்சள் வெட்டு வருகிறது என்றார். சுற்றுப்பட்டு ஊரில் எல்லாம் மஞ்சள் வேக வைக்க விறகுக்கு அலைகிறார்கள், வேக வைத்த பிறகு காய வைக்கவும் சூடு வேண்டும். குழாயை இரண்டு மைல் நீட்டினால் வாங்குகிற ஆள் இருக்கலாம், தனக்குச் சரியாகத் தெரியாது, கேட்டுப் பார்த்தால் தப்பில்லை என்றார். கௌஷிக் பெட்டியைக் கேட்டார். பெட்டி கணக்குப் போட்டது. விறகுக்கு அலைபவர்களின் தவிப்பையும் சேர்த்துத்தான் போட்டிருக்கும். நிறுவனத்துக்கு லாபம் என்றது.

அப்போதுதான் மயிலாத்தா எழுந்தாள். ஜவுளிக் கடைக்காரர்கள் அவளுக்கு எதிரிகள் அல்ல. தீபாவளிக்குத் தள்ளுபடி தருகிறவர்கள்.

"அஞ்சு ஊத்திக்கோங்க. அதுக்கு நாங்க குறுக்க நிக்கலீங்க. ஆனா எட்டு எடுக்கோணும். எடுக்காத வருசம் ஒரு பொதிகூட உள்ள போகக் கூடாது."

அதுவும் முடிந்தது. இந்த முறை எழுவாயோடு எழுதினார்கள்.

பட்டுக் கோபுரத்துக்கு நினைத்த அளவு குளிர் கிடைக்கவில்லை. அங்கே சேலை எடுக்கப் போனவர்கள் சால்வையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். அதனால் யாரும் சாகவில்லை. தை தொடங்கிப் பங்குனி வரைக்கும் ஊருக்குக் கிழக்கே மஞ்சள் களங்களில் ஆவி எழுந்தது. புகை இல்லாத ஆவி. கண் எரியவில்லை என்று களத்துப் பெண்கள் அதிசயப்பட்டார்கள். வளவின் தரை ஒரேயடியாக ஆறிவிடவில்லை. பாறை மெதுவாகப் பேசுகிற ஆள். ஆனாலும் மயிலாத்தாவின் மாவு முதலில் சொல்லிவிட்டது. ஒரு நாள் விடியற்காலையில், வெகு காலத்துக்கு முன்னால் பொங்கிய மாதிரி, குண்டாவின் விளிம்பு வரைக்கும் பொங்கி, அங்கேயே மரியாதையாக நின்றது.

சித்திரைக் கடைசியில் சம்பந்தி அம்மாள் பொள்ளாச்சியிலிருந்து நேரிலேயே வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வீடு முழுக்க வெறுங்காலில் நடந்து பார்த்தாள். பேச்சு மட்டும் மாங்காய் ஊறுகாயைப் பற்றித்தான் நடந்தது. போகும்போது, வெள்ளிக்கிழமை நல்ல நாள், தென்றலை அழைத்து வந்துவிடுங்கள் என்றாள்.

அந்த வியாழக்கிழமை மயிலாத்தா ஒரு மஞ்சள் களத்துக்கு மாவு கொண்டுபோனாள். களத்துக்காரரிடம் இந்த வருஷம் விறகு எவ்வளவு மிச்சமாயிற்று என்று பேச்சுக்குக் கேட்டாள்.

"விறகு வாங்கவே இல்லீங்களே," என்றார் அவர். "பொங்கியண்ணன் பொரட்டாசிலயே வந்து சொல்லிட்டாரு. தைக்குச் சூடு வருது, விறகுக்கு அச்சாரம் குடுத்துப் போடாதீங்கன்னு. எங்க பக்கம் எல்லாக் களத்துக்கும் சொன்னாரு."

மயிலாத்தா மாவுக் குண்டாவை இறக்கி வைத்தாள். பேரம் நடந்தது கார்த்திகையில். புரட்டாசியில் அவளுக்கே எதுவும் தோன்றியிருக்கவில்லை. அன்று வீட்டில் மனிதர் நின்ற நிற்பு நினைவுக்கு வந்தது. மாவு நாற்றம் அடிக்கிறது என்று அவள் துண்டை ஒதுக்கியது. கணீரென்று சொன்ன அந்த வாக்கியம். எத்தனையோ மாட்டை விற்ற வாய், ஒரு நாளும் ஒரு சொல்லைக் கீழே சிந்தாத வாய், அன்றைக்கு மட்டும் ஆளை விட்டுவிட்டுப் பேசியிருக்கிறது. கூடத்தில் குனிந்த தலையும் நினைவுக்கு வந்தது. ஏமாந்தவர் அப்படிக் குனியலாம். சிரிப்பை மறைக்கிறவரும் அப்படித்தான் குனிவார்.

அவள் ஆத்திரப்படவும் இல்லை, நெகிழவும் இல்லை. மூன்று பக்கமும் தரகு வாங்கியிருப்பார் என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது. அதற்குப் பிறகு வந்த நினைப்பு வேறு.

தென்றலுக்குப் பெண் குழந்தை. பதினாறாம் நாள் பொங்கியண்ணன் ஒரு டப்பா மைசூர்பாகோடு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். மயிலாத்தா நாற்காலியை இழுத்தாள். அவர் வேண்டாம் என்று கையால் சொல்லிவிட்டு, பாய்கூட இல்லாமல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு துணிமேல் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவர் உள்ளங்கையைத் தரையில் வைத்து, மாட்டின் முதுகைத் தடவிப் பார்ப்பது போல ஒருமுறை தடவினார்.

"ஏனுங்ணா," என்றாள் மயிலாத்தா. "தெரிஞ்சேதான் உங்க துண்ட விரிச்சீங்களா?"

சுவரில் விலைப்பெட்டியின் காது இன்னும் இருந்தது. அவர் அதை ஒருமுறை பார்த்தார். தோளிலிருந்து துண்டை எடுத்து உதறினார். அது இப்போது புதிதாக இல்லை. மஞ்சள் கறை ஏறியிருந்தது. இரண்டு பேர் கைமேலும் அதை விரித்துப் போட்டுவிட்டு, குழந்தையைப் பார்த்துக்கொண்டே உள்ளே அவள் விரல்களைத் தேடிப் பிடித்தார்.

எத்தனை விரல் என்று தென்றல் பிற்பாடு பலமுறை கேட்டுப் பார்த்தாள். மயிலாத்தா சொல்லவில்லை. மாட்டுத் தரகர் மகள்.